அக்கா கண்ணு மாதிரி

காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் ஒரு வேலை நடந்துவிடும். அம்மா சின்னவளை ஜன்னலண்டை கூட்டிப்போய் நிறுத்துவாள். "பெரியவளே, நீயும் வா" என்று ஒரு குரல் கொடுப்பாள். அக்கா தங்கை இரண்டு பேரும் தோளோடு தோள் நிற்க வேண்டும். அம்மா சின்னவளின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, விழியின் வெள்ளையைப் பார்ப்பாள். அப்புறம் பெரியவளின் கண்ணைப் பார்ப்பாள். அதைத் தொடமாட்டாள். தொட என்ன இருக்கிறது, அளவுகோலை யாராவது தடவிக் கொடுப்பார்களா?

"அக்கா கண்ணு மாதிரிதான் இருக்கு. பரவால்ல" என்றால் அன்றைக்கு வீட்டில் வெயில் அடிக்கும். "அக்கா கண்ண விட மஞ்சளா இருக்கே" என்றால் போச்சு. சின்னவளுக்குப் படுக்கை, பழச்சாறு, தலைமாட்டில் அம்மா. பெரியவளுக்குப் பாத்திரம், துணி, கடைக்கு ஓட்டம்.

சின்னவளுக்கு இரத்தத்தில் ஒரு கோளாறு, பிறவியிலேயே வந்தது. அவள் குழந்தையாக இருந்தபோது டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாள். "சிவப்பணுங்க நடுவுல அமுங்கின தட்டு மாதிரி இருக்கணும்மா. அப்பத்தான் வளைஞ்சு நெளிஞ்சு சந்து பொந்துலல்லாம் போயிட்டு வரும். இவளுக்கு அது பந்து மாதிரி உருண்டையா இருக்கு. மண்ணீரல்ல நுழைஞ்சு வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டு உடைஞ்சுடுது. அந்த உடைஞ்ச சாயம்தான் கண்ணுல மஞ்சளா தெரியுது. ரத்தம் குறையும், சோர்வா இருப்பா. மண்ணீரல் வீங்கும். வயசானா பித்தப்பையில கல்லு சேரலாம்."

பித்தப்பைக் கல் என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளின் செத்துப்போன அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே கல் எடுத்திருந்தார்கள். அவர் கண்ணும் எப்போதும் ஒரு மாதிரி மஞ்சளாகத்தான் இருக்கும். குடிகாரன் என்று ஊர் பேசியது, பாவம், அந்த மனுஷன் காபியைத் தவிர எதையும் தொட்டதில்லை.

"அப்போ பெரியவளுக்கும் இருக்குமா டாக்டர்?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. அவளையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

அம்மா வீட்டுக்கு வரும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். பாதிக்குப் பாதி. பிள்ளைகள் இரண்டு. அதில் ஒன்றுக்கு வந்துவிட்டது, ஆக மற்றொன்று தப்பித்தது. எவ்வளவு சுத்தமான கணக்கு! அந்தப் பந்து பந்தான அணுக்கள் என்னவோ வரிசையில் நின்று ஒரு பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அன்றிலிருந்து பெரியவளைக் கூட்டிப்போகும் பேச்சே எழவில்லை. ஆரோக்கியமான கண் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதோடு முடிந்தது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. அந்தக் கட்டைவிரல் தன் இமை மேல் ஒருமுறையாவது படாதா என்று ஏங்கினாள். சிறுமியாக இருந்தபோது அடுப்படி மஞ்சள் பல்புக்குக் கீழே போய் உட்கார்ந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு அம்மாவையே பார்ப்பாள். அந்த வெளிச்சத்திலாவது மஞ்சளாகத் தெரியாதா என்று ஒரு நப்பாசை. "என்னடி முட்டை முட்டையா முழிக்கிற? போய்ப் படி" என்று அம்மா சொல்லிவிட்டுச் சின்னவளுக்குச் சூப் எடுத்துக்கொண்டு போவாள்.

பன்னிரண்டு வயதில் ஒரு நல்ல காலம் வரப் பார்த்தது. பள்ளியில் முதலாவதாக வந்தாள். அம்மா என்ன நினைத்தாளோ, "இந்த லீவுல நீயும் நானும் மட்டும் கடலுக்குப் போயிட்டு வருவோம். சின்னவ சித்திகிட்ட இருக்கட்டும்" என்றாள். நீயும் நானும் மட்டும். பெரியவள் அந்தச் சொற்களை வாயில் போட்ட மிட்டாய் மாதிரி கரையவிட்டுக்கொண்டே திரிந்தாள். புறப்பட வேண்டிய வாரத்தில் அவளுக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் சின்னவளுக்கும் ஒட்டிக்கொண்டது. சின்னவள் காகிதம் மாதிரி வெளுத்து, நிற்க முடியாமல் சரிந்தாள். கிருமி ஒன்று இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் வைத்து இரத்தம் ஏற்றினார்கள். பெரியவளும்தான் அடுப்படியில் கண் இருட்டி விழுந்தாள், தலை தரையில் மோதியது. அப்போது பழச்சாறு எடுக்க வீட்டுக்கு ஓடிவந்திருந்த அம்மா அதைப் பார்த்தாள்.

"காய்ச்சலக் கொண்டாந்து அவளுக்குக் குடுத்ததே நீதான். இதுல நடிப்பு வேறயா? எந்திரி" என்றாள்.

எழுந்தாள். கடல் பயணம் நின்றது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை பேச்சு வந்து, எத்தனையோ தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் சின்னவளுக்கு ஏதோ ஒன்று.

அந்தப் பெண்ணும் ஒன்றும் சாது இல்லை. தன் நோவை வைத்துக் காரியம் சாதிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரியவளின் புதுத் துப்பட்டா வேண்டுமென்றால் லேசாக ஒரு பெருமூச்சு விட்டால் போதும். "குடுத்துடேண்டி, உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க" என்று அம்மாவே வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

கல்லு மாதிரி இருந்தவள் வளர்ந்து ஒரு பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கேட்கிற நிறத்தைக் கலந்து கொடுப்பது அவள் வேலை. கடையில் அவளுக்குப் பெயர் கலரக்கா. சாயங்காலமானால் கால் துவண்டு போகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "இந்த வயசுல என்ன சோம்பேறித்தனம்" என்பாள் அம்மா. எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் வலது விலாவுக்குக் கீழே ஆளைப் புரட்டிப் போடுகிற மாதிரி வலிக்கும். வாயுத் தொல்லை என்று மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த டப்பாவைத் திறப்பாள்.

ஒருநாள் ஒரு வீட்டுக்காரர் சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதே வெள்ளை வேணும்மா. பளிச்சுன்னு இருக்கும் பாருங்க."

"இது வெள்ளை இல்ல சார், க்ரீம்."

"என்னம்மா, நானா வெள்ளை தெரியாதவன்? இத்தன வருஷமா பாக்கறேன்."

அவள் ஒரு வெள்ளை அட்டையை எடுத்துச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். சில்லு மஞ்சளடித்துத் தெரிந்தது.

"தனியா இருக்கறப்ப எல்லாமே வெள்ளைதான் சார். பக்கத்துல இன்னொரு வெள்ளை வந்தாத்தான் தெரியும்" என்றாள். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்கிற வசனம் அது. சொல்லிவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள். ஊர்ச் சுவரையெல்லாம் பார்க்கத் தெரிந்தவளுக்கு வீட்டுச் சங்கதி தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகத்தை யார் சரிபார்க்கிறார்கள்?

சின்னவளுக்குப் போன மாதம்தான் மண்ணீரலை எடுத்தார்கள். முன்பே செய்திருக்கலாம், அம்மாதான் பயந்து பயந்து தள்ளிப்போட்டாள். அந்தத் தடுப்பூசி, இந்தத் தடுப்பூசி என்று ஒரு மாதம் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அப்புறம் வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்தார்கள். அணு என்னவோ பந்தாகத்தான் இருக்கும், ஆனால் பிடித்து உடைக்க ஆள் இருக்காது, நிறைய நாள் ஓடும், மஞ்சளும் போய்விடும் என்றாள் டாக்டரம்மா. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பெரியவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். வேலை கிடக்கட்டும், அதைச் செய்துவிடலாம். வருகிறவர்கள் எல்லாரும் சின்னவளிடம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்கள். நர்ஸ் கேட்டாள், தரை துடைக்கிறவள் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் கூடக் கேட்டான். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் பெரியவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ புகைந்தது. ஒரு மத்தியானம் வராந்தாவில் அவளுக்கே விலா வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அம்மா பார்த்தாள். "கேன்டீன்ல கண்டதையும் தின்னிருப்ப. போய் வெந்நி குடி" என்றாள். சொல்லிவிட்டு, கையில் இருந்த தலையணையோடு சின்னவளின் அறைக்குள் போய்விட்டாள்.

அந்த ராத்திரியே பெரியவள் முடிவு கட்டிவிட்டாள். இவளுக்குத்தான் குணமாகப் போகிறதே, இனி என்ன சாக்கு? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்.

"கடலுக்குப் போலாம்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"எப்போ சொன்னேன்?"

"மொதத் தடவ, எனக்குப் பன்னெண்டு வயசுல."

அம்மா சிரித்தாள். அப்புறம் பெரியவளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, போலாம். இவ தேறட்டும்."

"நீயும் நானும் மட்டும்."

"சரிடி, நீயும் நானும் மட்டும்."

பெரியவள் கடையில் லீவு சொன்னாள். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். ஒரே பையில் அம்மாவின் துணியையும் தன் துணியையும் அடுக்கினாள், வேண்டுமென்றேதான் ஒரே பை. சின்னவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்தாள்.

"நான் மட்டும் தனியா இருக்கணுமா?" என்றாள்.

"சித்தி வருவாங்க."

"எனக்குத் தையல் போட்ட இடம் இழுக்குதுக்கா."

"இழுக்கட்டும்" என்றாள் பெரியவள், வாய் கூசாமல். சின்னவளை நேருக்கு நேர் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் மனசு குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன்.

புறப்படும் நாள் காலை வந்தது. பை வாசலில் தயாராக இருந்தது. பெரியவள் செருப்பைக் கூடப் போட்டுவிட்டாள். அம்மா கைப்பையைத் தோளில் மாட்டியவள், என்ன தோன்றியதோ, "இரு, கடைசியா ஒரு தடவ அவ கண்ண பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே திரும்பினாள்.

"மறுபடியுமா?" என்றாள் பெரியவள்.

"ஒரு நிமிஷம்டி. நீயும் வா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்தச் சோதனை நின்றிருந்தது. மாத்திரைக்கும் தையலுக்கும் நடுவில் கண்ணைப் பார்க்கிற வழக்கம் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. சின்னவள் எழுந்து ஜன்னலண்டை வந்தாள். பெரியவள் செருப்போடு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றாள். காலை வெயில் நேராக இரண்டு முகத்திலும் அடித்தது.

அம்மா சின்னவளின் இமையை இழுத்துப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள். மறுபடியும் சின்னவளைப் பார்த்தாள். வழக்கமாக வருகிற வார்த்தை வரவில்லை. தோளிலிருந்து கைப்பை நழுவிக் கீழே விழுந்தது, அவள் அதை எடுக்கவில்லை.

"என்னம்மா?" என்றாள் சின்னவள்.

அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. பெரியவளுக்கு அந்த முகம் மனப்பாடம். கடல் நிற்கிற ஒவ்வொரு தடவையும் அம்மா அந்த முகத்தோடுதான் நின்றிருக்கிறாள்.

"இன்னைக்கு வேணாம்டி" என்றாள் அம்மா, கடைசியில். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவ்வளவுதான். பெரியவளுக்குள் இத்தனை வருஷமாக அடைத்து வைத்தது மொத்தமும் பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. "இப்ப என்னவாம் அவளுக்கு? மண்ணீரலத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னத்த எடுக்கணும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கூட வந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிடும்? அவ செத்தா போயிடுவா?"

"அவளுக்கில்ல" என்றாள் அம்மா. "உனக்கு."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். அந்தக் கட்டைவிரல் பெரியவளின் கீழ் இமையில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் சில்லென்று. இப்படித்தான் இருக்குமா என்று பெரியவள் நினைத்தாள்.

"அக்கா" என்றாள் சின்னவள், மெதுவாக. "உன் கண்ணு மஞ்சளா இருக்குக்கா."

பெரியவள் ஜன்னல் கதவில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியில் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்த்தாள். சின்னவளின் விழி பால் மாதிரி வெளுத்திருந்தது. அதன் பக்கத்தில் அவளுடையது, கடையில் க்ரீம் என்று எழுதிக் கொடுப்பாளே, அசல் அதே நிறம். இத்தனை வருஷமும் மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்துத்தான் அந்த வீட்டில் வெள்ளை பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரத்தம் எடுத்தாள், வயிற்றை ஸ்கேன் செய்தாள். அவளுக்கும் தலை நரைத்திருந்தது. இரண்டு நாள் கழித்து மூன்று பேரையும் எதிரில் உட்கார வைத்தாள்.

"அதே கோளாறுதான். தங்கச்சி அளவுக்கு இல்ல, கொஞ்சம் லேசு. ஆனா மண்ணீரல் வீங்கியிருக்கு. பித்தப்பை நிறைய கல்லு. விலாவுல வலிக்குமே, வலிக்கலையா?"

"வலிக்கும். வாயுன்னு நெனச்சேன்."

"படியேறினா மூச்சு வாங்குமா? சட்டுன்னு சோர்ந்து போயிடுவியா? சிறுநீர் சில நாள் டீ மாதிரி போகுமா?"

ஒவ்வொன்றுக்கும் பெரியவள் தலையாட்டினாள். அவள் தலையாட்ட ஆட்ட, அம்மாவின் தலை குனிந்துகொண்டே போனது.

"சின்ன வயசுல இவளையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனேம்மா" என்றாள் டாக்டரம்மா.

"பாதிக்குப் பாதின்னீங்க" என்றாள் அம்மா. "ரெண்டுல ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். இவ கண்ண பாத்துத்தானே டாக்டர் அவ கண்ண பாத்தேன்."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. வாய்ப்பு என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. வலி திரும்பத் திரும்ப வருவதால் கல் இருக்கிற பித்தப்பையை முதலில் எடுத்துவிடலாம், மண்ணீரலைப் பிறகு யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உட்காரவில்லை. கடல் பை இன்னும் வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து வைக்கப் போனவள் கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"அடுப்படியில அன்னைக்கு விழுந்தியே" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"நடிக்கலதானே நீ."

"இல்லம்மா."

அம்மா பையைக் கீழே வைத்தாள். வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டு அழுதாள். பெரியவளுக்கு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அழட்டும் என்றுதான் இருந்தது. எனக்காக அழுகிறாள், எனக்கே எனக்காக என்று எண்ணியதும் அடிவயிற்றில் ஒரு இதம் பரவியது. அந்த இதத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம்தான்.

அன்று இரவு ஜன்னலோரக் கட்டிலில் பெரியவளைப் படுக்கச் சொன்னாள் அம்மா. சின்னவள் தலையணையை எடுத்துக்கொண்டு மூலைப் பாய்க்குப் போனாள். தேதி போன டிக்கெட்டை அம்மா கிழித்துப் போட்டாள். பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து எத்தனை தடவை நின்ற பயணம், இந்தத் தடவை நின்றது அவளுக்காக. கடலாவது ஒன்றாவது, அது எங்கே போய்விடப் போகிறது.

மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன்னால் அம்மா வந்தாள். பெரியவளை ஜன்னலண்டை நிறுத்தினாள். "சின்னவளே, நீயும் வா" என்று குரல் கொடுத்தாள்.

சின்னவள் வந்து தோளோடு தோள் நின்றாள். அம்மாவின் கட்டைவிரல் பெரியவளின் இமையில் பட்டது. அம்மா அவளைப் பார்த்தாள், அப்புறம் தொடாமல் சின்னவளைப் பார்த்தாள். "தங்கச்சி கண்ண விட மஞ்சதான் இன்னும்" என்றாள், கவலையாக.

பெரியவள் ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பெண் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு, கழுத்தை இரண்டு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டு. அந்தப் பார்வை பெரியவளுக்குத் தெரியாததா? அடுப்படி பல்புக்குக் கீழே உட்கார்ந்து அவள் பழகிய பார்வைதானே அது.

நல்ல மனசுக்காரியாக இருந்தால் விலகி நின்று, "அவளையும் தொட்டுப் பாரும்மா" என்று சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஜன்னல் முழுக்க வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா விரலை எடுக்கப் போனாள்.

"சரியாப் பாரும்மா" என்றாள் பெரியவள். "வெளிச்சம் பத்தல."